ஒன்று புள்ளி இரண்டு

அக்டோபர் 19, வியாழன்

தினமும் காலையில் பிரஷரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. காலை 150/94. குறித்தாயிற்று. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு மீதியை வெள்ளையாக விட மனசு வரவில்லை. இருபத்தோரு வருடமாக லாபில் எழுதி எழுதியே பழகிய கை. அதனால் மேலும் எழுதுகிறேன்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் கப்பலூரில் டேப் கம்பெனி என்பேன். "பாட்டு கேக்குற டேப்பா?" என்பார்கள். எரிச்சலாக வரும். ஒட்டுகிற டேப், ஐயா. காருக்கு பெயிண்ட் அடிக்கிறவர்கள் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டு, அடித்து முடித்ததும் சர்ரென்று உரிப்பார்களே, அந்தக் காகித டேப்.

மற்றப் பசை காய்ந்தால்தான் பிடிக்கும். எங்கள் பசை காயவே கூடாது. விரலால் அழுத்தினால் போதும், பிடித்துக்கொள்ள வேண்டும்; உரித்தால் சுவடில்லாமல் வந்துவிட வேண்டும். தேன் மாதிரிப் பரவவும் வேண்டும், ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். பரவுவது கூடினால் காரில் பிசுக்கு நிற்கும், ரப்பர் மாதிரி இறுகுவது கூடினால் ஒட்டவே ஒட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது லாப் இன்சார்ஜ் பிலோமினாவின் வேலை. ஒரு அங்குல டேப்பை எவர்சில்வர் தகட்டில் ஒட்டி, அதில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எத்தனை மணி நேரத்தில் விழுகிறது என்று பார்ப்பேன். அது டங்கென்று விழும்போது புதிதாக வந்தவர்கள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொள்வேன்.

இன்று பசை பூசும் மெஷினை ஓட்டும் சோலைராஜ் சாம்பிளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, இதயாவது பாஸ் போடுங்க. எம்பொண்டாட்டி மொகத்தப் பாத்தாக்கூட எனக்கு இம்புட்டு பயமில்ல," என்றான். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் எங்கள் கம்பெனியிலேயே ரோல் வெட்டும் பகுதியில் இருக்கிறாள். அவளிடம் சொல்கிறேன் இரு என்றேன். பாஸ் போட்டேன்.

அக்டோபர் 21, சனி

திங்கட்கிழமை ஆயுத பூஜை. வருடம் பூராவும் பிசுக்கோடு கிடக்கிற மெஷினுக்கு இந்த இரண்டு நாள்தான் குளியல். கழுவி, துடைத்து, பச்சை எனாமல் இரண்டு கோட் அடிப்பார்கள். முன்பெல்லாம் எங்கள் ஆட்களே அடிப்பார்கள். இந்தத் தடவை புரொடக்‌ஷன் மேனேஜர் தனுஷ்கோடி சார் வெளியிலிருந்து பெயிண்டரைக் கூட்டி வந்திருந்தார்.

மத்தியானம் அந்தப் பெயிண்டர் லாப் வாசலில் வந்து நின்றார். "மேடம், ரெண்டு ரோலு டேப்பு குடுங்க. பேர்ப்பலகை, நட்டு, போல்ட்டு மேல பூராம் ஒட்டிக்கிட்டு அடிக்கிறேன்."

"ஸ்டோர்ஸ்ல சீட்டு எழுதிக் குடுத்து வாங்கிக்கங்க."

"ஸ்டோர்ஸ பூட்டிட்டுப் போய்ட்டாங்களே மேடம்."

"அதுக்கு நான் என்ன பண்றது? இதெல்லாம் டெஸ்ட்டுக்கு வச்ச ரோலு."

அவர் போய்விட்டார். சட்டம் என்றால் சட்டம்தான். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து கை நீட்டும்.

பிரஷர் 148/92. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஜெயசீலன் ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திவிட்டு அப்படியே போய் சிலிண்டர் தூக்கி வந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், வேலை மட்டும் நடந்துவிடும்.

அக்டோபர் 23, திங்கள்

மெஷின் ஜம்மென்று இருந்தது. பச்சைப் பசேலென்று, சந்தனம் குங்குமத்தோடு, வாழைக்கன்று கட்டி. சோலைராஜ் வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். பூசணிக்காயை உடைத்தது அவன்தான். நான் மாதா கோவிலுக்குப் போகிறவள்தான், ஆனால் பொரி கடலை விஷயத்தில் எனக்கு மதமே கிடையாது. இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். பேச்சி, "அக்கா, அவுகளப் பாருங்க, மெஷினத் தடவுறாரு பாருங்க. என்னைய இப்பிடித் தடவிக் குடுத்து எத்தன வருசமாச்சு," என்று சத்தமாகவே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

அக்டோபர் 24, செவ்வாய்

விடுமுறை. மாவு புளித்துவிட்டது. பிரஷர் 150/94.

அக்டோபர் 25, புதன்

தீபாவளிக்கு முன் நாற்பது பெரிய ரோல் போக வேண்டும். தனுஷ்கோடி சார் காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி நிற்கிறார்.

காலைச் சுற்று முடித்தேன். ரப்பரையும் பிசினையும் டொலுவீனில் கரைத்த பசை டிரம்மில் வரும். டிரம்மிலிருந்து மெஷின் தொட்டிக்கு ஊற்றும்போது உராய்வில் மின்சாரம் சேரும். இருட்டில் கம்பளியை உதறினால் பொறி பறக்குமே, அதே சங்கதி. டொலுவீன் பெட்ரோல் மாதிரி; அதன் ஆவி பற்றிக்கொள்ள அந்தப் பொறி போதும். அதனால் டிரம்மில் ஒரு ஒயர், அதன் மறுமுனையில் ஒரு கிளிப்பு. மெஷின் அடிப்பக்கத்தில் ஒரு வெறும் இரும்பு போல்ட் இருக்கிறது. ஊற்றுகிறவன் முதலில் கிளிப்பை அந்த போல்ட்டில் மாட்ட வேண்டும், பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சேர்கிற மின்சாரம் பூராவும் மண்ணுக்குப் போய்விடும். போகிறதா என்று தினமும் மீட்டர் வைத்துப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் பொறுப்பு. தடை பத்து ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். 1.2 என்று எழுதினேன்.

பிரஷர் 150/94. பிரஷர் மெஷினை எடுக்கச் சோம்பலாக இருந்தது. அதேதான் இருக்கும்.

அக்டோபர் 26, வியாழன்

அறுபது சாம்பிள். தலைக்கு மேல் வேலை. தண்ணீர் லாரி வேறு வரவில்லையென்று பக்கத்து வீட்டுக்காரி போன் மேல் போன்.

சோலைராஜ் பதினொரு மணிக்கு வந்தான். "அக்கா, டிரம்முல கை வச்சா சுள்ளுங்குது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"கிளிப்பு மாட்டினியா?"

"மாட்டாம ஊத்துவேனா? பொறந்ததுலருந்து மாட்டிக்கிட்டுத்தான இருக்கேன்."

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அப்புறம் சாம்பிள் வந்துவிட்டது. பிரஷர் 150/94. ரிஜிஸ்டர் 1.2.

அக்டோபர் 27, வெள்ளி

காலை பதினொன்று இருபதுக்குத் தீ. சோலைராஜ் பசை ஊற்றிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 28, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. முதலில் ஒரு சத்தம், பெரிய துணியை உதறுவது மாதிரி. அவ்வளவுதான். நான் ஓடிப் போவதற்குள் அவன் வெளியே வந்துவிட்டான். நடந்து வந்தான். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, தண்ணி," என்றான். பேச்சி அந்தப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஓடி வந்து அவனைப் பிடிக்கப் போனாள், இரண்டு பேர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். தொட்டால் தோல் கையோடு வந்துவிடும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தீக்காயம் ஐம்பத்தைந்து சதவீதம் என்கிறார்கள்.

நுரை அடித்து அரை மணியில் அணைத்துவிட்டார்கள். தொட்டிப் பக்கம் பூராவும் கரி. அடிப்பக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எல்லாரும் ஆம்புலன்ஸ் பின்னால் போய்விட்டார்கள். நான் மெஷின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். புகையில் கண் எரிந்தது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

இன்று லாபில் சாமான்களைக் கழுவி வைத்தேன். பசை வழிக்கிற தகட்டில் பச்சை ஒட்டியிருந்தது. டொலுவீனில் ஊறப் போட்டேன். கழுவிக்கொண்டிருந்தபோது தனுஷ்கோடி சார் உள்ளே வந்தார். தகட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிரஷர் பார்க்கவில்லை.

அக்டோபர் 30, திங்கள்

அரசாங்கத்திலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுதான், ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. மண்டி போட்டு மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கிளிப்பு தரையில் கிடந்தது. போட்டோ எடுத்தார்.

"கிளிப்ப மாட்டாமத்தான் ஊத்தியிருக்காரு போல," என்றார் தனுஷ்கோடி சார்.

ஆய்வாளர் போல்ட்டைத் தடவிப் பார்த்தார். "மெஷின் பூராம் புதுப் பெயிண்ட். இது மட்டும் எப்பிடிங்க பளபளன்னு இருக்கு?"

என்னைத்தான் பார்த்தார். "தெனமும் தேய்ச்சு வச்சிருவோம் சார். அதுல பெயிண்ட் இருக்கக் கூடாதுல்ல," என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

ரிஜிஸ்டரைக் கேட்டார், கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். 1.2, 1.2, 1.2. "மாறவே மாறாதா மேடம்?"

"எர்த் நல்லா இருந்தா ஏன் சார் மாறப்போகுது?"

அவர் எழுதிக்கொண்டார். நான் லாபுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். ஒரு சொம்பு தண்ணீர் பூராவும் குடித்தேன்.

நவம்பர் 1, புதன்

நாளைக்குக் கல்லறைத் திருநாள். பூ வாங்க வேண்டும்.

ஜெயசீலனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீக்காய வார்டில் ஒருவர் ஒருவராகத்தான் விடுகிறார்கள். கொசுவலைக் கூண்டுக்குள் கிடந்தான். முகம் வீங்கி, யார் என்றே தெரியவில்லை. கண் மட்டும் அவனுடையது. என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தான். குனிந்தேன்.

"அக்கா, நான் கிளிப்பு மாட்டினேனா, மாட்டலையா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?"

"எனக்கு நெனவே இல்லக்கா. டிரம்ம உருட்டுனது நெனவிருக்கு. மூடியத் தெறந்தது நெனவிருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. கீழ கெடந்துச்சுங்கிறாங்க. நீங்க பாத்தீங்களாக்கா?"

பிழைத்துவிடுவேனா என்று கேட்பான் என நினைத்துப் போயிருந்தேன். அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"ஒரே பொகைடா தம்பி. நான் சரியாப் பாக்கல."

"அப்ப மாட்டலதான் போல," என்றான்.

வெளியே பேச்சி சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே போகவில்லையா என்று கேட்டேன். "போயி என்னக்கா செய்ய? பதினாறு வருசமா செய்யுற வேல. ஒரு கிளிப்ப மாட்டத் தெரியலையா இந்த மனுசனுக்கு? வீட்டுலயும் இப்பிடித்தான், கேஸ மூட மறந்துட்டுப் போவாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?" அவள் அழவில்லை. கோபம்தான். நான் அவள் தோளைத் தொட்டேன். என்ன கையோ என் கை.

நவம்பர் 3, வெள்ளி

ஒரு கிலோ இன்று மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் தூக்கிவாரிப் போட்டது. நேரம் குறிக்க மறந்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். சாயங்காலம் ஜெயசீலன், "உனக்கு என்ன?" என்று கேட்டார். இந்த மனுஷன் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. ஒன்றுமில்லை என்றேன். பாவக்காயைப் பொரித்துப் போட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

மத்தியானம் மறுபடி ஆஸ்பத்திரி. நான் போகும்போது உள்ளே சோலைராஜிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர், டாக்டர், கம்பெனி சார்பில் தனுஷ்கோடி சார். பசை ஊற்றுமுன் கிளிப்பு மாட்ட மறந்துவிட்டேன், வேறு யார் மீதும் குற்றமில்லை என்று எழுதியிருந்தது. ஆய்வாளர் படித்துக் காட்டி, "உங்களுக்கு நல்லா நெனவிருக்கா? யாரும் சொல்லச் சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இவன், "நெனவில்ல சார். ஆனா மாட்டியிருந்தா எப்பிடித் தீப்புடிக்கும்? நாந்தான்," என்றான்.

கை இரண்டிலும் கட்டு. அதனால் கால் பெருவிரலில் மை தடவி ரேகை எடுத்தார்கள். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைத் தள்ளினால் திறந்துவிடும், பூட்டு ஒன்றும் இல்லை. தள்ளவில்லை. கால் மரத்துப்போனது மாதிரி இருந்தது என்று எழுத வந்தேன். பொய். கால் நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் போனபின் உள்ளே போனேன். "நீங்க வெசனப்படாதீங்கக்கா. ஒங்க லாபுக்கு ஒண்ணும் வராதபடிக்குச் சொல்லிட்டேன்," என்றான்.

பேச்சி வாசலிலேயே நின்றாள். அவளை அவன் கூப்பிடும் சத்தம் கேட்டது. "பேச்சி, ஏ பேச்சி." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 8, புதன்

தனுஷ்கோடி சார் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்தோரு வருடத்தில் முதல் டீ. "ரிப்போர்ட் முடிஞ்ச மாதிரிதாம்மா. ஒங்க ரிஜிஸ்டர்தான் நம்மளக் காப்பாத்துச்சு. ஒரு நாள் விடாம எழுதியிருக்கீங்க. பேச்சியம்மாளுக்கும் ஏதாவது பாத்துச் செய்வோம். நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன். 

நவம்பர் 10, வெள்ளி

சோலைராஜ் காலை ஆறே காலுக்கு இறந்துபோனான்.

நவம்பர் 11, சனி

நேற்றுச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் சுடுகாட்டு ரோடு வரைக்கும் போனேன். கம்பெனி மாலை பெரிதாக இருந்தது.

இனி இந்த டைரியில் சுற்றி வளைத்து எழுதிப் பிரயோசனமில்லை. யாருக்காக மறைத்து எழுதுகிறேன்? படிக்கப் போவது நான் ஒருத்திதான். என்னிடமே எத்தனை நாள் நடிப்பது?

கிளிப்பு மாட்டியிருந்தது.

தீ அணைந்ததும் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் மண்டி போட்டு அடியில் பார்த்தேன். புகை கலைந்துவிட்டிருந்தது, எல்லாமே தெரிந்தது. கிளிப்பு போல்ட்டைக் கவ்விக்கொண்டு இருந்தது, அவன் மாட்டியபடியே. போல்ட்டின் மேல் பச்சை எனாமல், இரண்டு கோட், தடிமனாக. கிளிப்பின் பல் அந்தப் பெயிண்டில் தடம் பதித்திருந்ததே தவிர இரும்பைத் தொடவில்லை. மின்சாரம் போக வழியே இல்லை. டிரம்மிலேயே சேர்ந்து சேர்ந்து நின்றிருக்கிறது. சுள்ளுங்குது என்று அவன் வந்து சொன்னது அதைத்தான்.

இருபத்தோரு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. பூஜைக்குப் பிறகு ஓட்டிய மூன்று நாளும் மீட்டர் வைத்திருந்தால் முள் அசைந்திருக்காது. முதல் நாள் காலையிலேயே மெஷினை நிறுத்தியிருப்பேன். மீட்டரில் பாட்டரி சித்திரை மாதமே தீர்ந்துவிட்டது. ஸ்டோர்ஸில் கேட்டேன், வரவில்லை, அப்புறம் கேட்கவில்லை. என்றைக்கும் 1.2தானே என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஆறு மாதம். பெயிண்டருக்கு இரண்டு ரோல் டேப் கொடுத்திருந்தால் அந்த போல்ட் மறைந்திருக்கும். டேப் கம்பெனியில் டேப் இல்லை என்று சொன்ன மகராசி நான்தான். லாபில் அன்றைக்கு நாற்பது ரோல் இருந்தது.

அப்புறம் எழுந்து போய்ப் பசை வழிக்கிற தகட்டை எடுத்து வந்தேன். பெயிண்டைச் சுரண்டினேன். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினேன். கிளிப்பைக் கழற்றித் தரையில் போட்டேன். கரியை அள்ளிக் கிளிப்பின் மேல் பூசினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே ஆம்புலன்ஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதோடு பேச்சியின் அலறலும் கேட்டது. கேட்டுக்கொண்டே சுரண்டினேன்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. தனுஷ்கோடி சார் மேல் பழி போடவும் வழியில்லை. நாற்பத்தாறு வயதில் வேலை போனால் என்ன செய்வேன் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் அவன் பிழைப்பானா என்றுகூட நினைக்கவில்லை. அந்தோணியாரே, நான் என்ன பிறவி.

இரண்டு தடவை அவனிடம் சொல்ல வழி இருந்தது எனக்கு. ஒரு தடவை வாய் திறந்தே கேட்டான். "மாட்டினடா" என்று ஒரு வார்த்தை. காதோடு சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாருமே இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தெருவெல்லாம் கரிமருந்து வாடை. எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஜெயசீலனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "பேச்சிகிட்டச் சொல்லணும்," என்றார்.

நவம்பர் 14, செவ்வாய்

காலையில் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே முதலில் போனதற்குக் காரணம், அது சுலபம் என்பதுதான். பேச்சி வீட்டுக்கு முதலில் போகத் தைரியமில்லை.

நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார், இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அந்த போல்ட்டப் பாத்ததுலருந்து எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு மேடம்," என்றார். எத்தனை நாளாக அளக்கவில்லை என்று கேட்டார். சித்திரையிலிருந்து என்றேன். பெயிண்ட் அடித்தபின் எர்த் பார்க்காமல் மெஷினை ஓட்டச் சொன்னது யார் என்று கேட்டார். சார்தான் ஓட்டச் சொன்னார், ஆனால் கையெழுத்து என்னுடையது என்றேன். தடயத்தை அழித்ததற்குத் தனியாக வழக்கு வரும், போலீசிலும் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சரி என்றேன். வாக்குமூலத்தை மாற்றி எழுதுவீர்களா என்று கேட்டேன். "அவரோட வாக்குமூலத்த மாத்த முடியாது மேடம். ஒங்களோடத அதுமேல வைப்போம். ரிப்போர்ட்டுல அவரு மேல தப்பில்லைன்னு வரும்," என்றார். நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

அங்கிருந்து பஸ் பிடித்துத் திருமங்கலம் தாண்டி அவர்கள் ஊருக்குப் போனேன். ஜெயசீலன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

பேச்சி உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த இரண்டு பெண்களை வெளியே போகச் சொன்னேன். என்னைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள். "பாத்தீங்களாக்கா, இப்பிடிப் பண்ணிட்டுப் போய்ட்டாரே. ஒரு கிளிப்பு. ஒரே ஒரு கிளிப்பு."

"பேச்சி, அவன் மாட்டியிருந்தான்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பெயிண்ட், போல்ட், மீட்டர், தகடு, எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டரில் பொய் எழுதியதைச் சொன்னேன். கழற்றிப் போட்டது நான்தான் என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அசையவே இல்லை.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"தீப்புடிச்ச அன்னைக்கேவா?"

"ஆமா."

அவள் விரல்களை மடக்கினாள், ஒவ்வொன்றாக. "பதினாலு நாளு இருந்தாருக்கா அவரு."

மடக்கிய விரல்களை அவளே பிரித்தாள்.

"பதினாலு நாளும் எங்கிட்டக் கெஞ்சினாரு. 'மறந்துட்டேன் பேச்சி, புள்ளைகள நெனைக்காமப் போய்ட்டேன், என்னைய மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுடி'ன்னு. நான் சொல்லல. வாசல்லயே நின்னேன். பக்கத்துல போயி ஒக்காரக்கூட இல்ல. அந்தக் கடைசி நாளு விடியக்காலையில நர்ஸம்மா வந்து, உள்ள வாம்மா கூப்புடுறாருன்னு சொல்லுச்சு. அப்பவும் போகல. கெடக்கட்டும், அவரு செஞ்ச வேலைக்கு அவரே கெடக்கட்டும்னு நின்னேன்." சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "அவரு மறக்கலைன்னு இப்ப யாருக்கா போயி அவருட்டச் சொல்றது?"

நான் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் மேல் தப்பில்லை என்று எழுதப் போகிறார்கள் என்றேன். அது அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"சொல்லுங்கக்கா, யாரு போயி சொல்றது?" என்று மறுபடியும் கேட்டாள். நான் எழுந்து வருகிறவரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.